இரண்டரை வயதுப் பையனுக்கு 16.7 கிலோ, என்ன செய்வது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பையனுக்கு 2 வயது 7 மாதம், எடை 16.7 கிலோ, உயரம் 92 செ.மீ. சளிக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டர் "எடை அதிகமா இருக்கு, குறைக்கப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாராம். பையன் சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுவதே இல்லை, போனைக் காட்டி ஒரு மணி நேரம் ஊட்ட வேண்டியிருக்கிறது, வயிறு நிறையவில்லையே என்று ஆரஞ்சு பாக்கெட் பால் 240 மில்லி பாட்டிலில் நான்கு தடவை, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதில் இரண்டு பாட்டில் ராத்திரியில். இவர் வேலைக்குப் போகிறவர், பகலில் பார்த்துக்கொள்வது அப்பத்தா. அவரோ "பிள்ளைக்குக் கண்ணு வைக்காதீங்க, வளர்ந்தா தானா வத்திரும்" என்கிறார். என்ன டயட் கொடுக்கலாம், எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறையும் என்பது கேள்வி.

குழந்தைகள் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக 14 வருஷமாக இருக்கிறேன், இந்தக் கேள்வி இப்போது வாரத்துக்கு நாலைந்தாவது வருகிறது. ஆரம்பத்தில் இப்படி இல்லை. "எடை ஏறவே மாட்டேங்குது" என்றுதான் வருவார்கள். இன்னமும் அவர்கள்தான் அதிகம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் எடை கூடிய குழந்தைகள் 2015-16-இல் 2.1 சதவீதம், 2019-21-இல் 3.4 சதவீதம். சின்ன எண்தான், ஆனால் ஏறுகிற வேகத்தைப் பாருங்கள்.

சரி, பதில். ஒரு கிலோகூடக் குறைய வேண்டாம். டயட்டும் வேண்டாம். இந்த வயதில் எடையைக் குறைப்பது நம் வேலை இல்லை, எடையை இருக்கிற இடத்தில் பிடித்து வைத்துக்கொண்டு உயரத்தை வளர விடுவதுதான் வேலை. பெரியவர்களுக்கு இந்த வசதி கிடையாது, எனக்கும் உங்களுக்கும் உயரம் முடிந்துபோன கதை. பையனுக்கு வருஷத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் கைவசம் இருக்கிறது.

எப்படி என்று கணக்காகவே சொல்கிறேன். ஐந்து வயது வரை நாங்கள் பார்ப்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வளர்ச்சி வரைபடம். ("அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்டது" என்று ஒரு பேச்சு உண்டு, அப்படி இல்லை, அந்த ஆய்வு நடந்த ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று, தெற்கு டெல்லிக் குழந்தைகளை அளந்தார்கள்.) இதில் வயதுக்கு எவ்வளவு எடை என்பதைவிட, உயரத்துக்கு எவ்வளவு எடை என்பதுதான் இந்த விஷயத்தில் முக்கியம். 92 செ.மீ. உயரமுள்ள பையனுக்கு நடுக்கோட்டு எடை சுமார் 13.5 கிலோ. அதற்கு மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடுகள் போகும். இரண்டாவது கோட்டைத் தாண்டினால் அதிக எடை, மூன்றாவதைத் தாண்டினால் உடற்பருமன். இரண்டாவது கோடு 16 கிலோவை ஒட்டி வரும், மூன்றாவது 17-ஐக் கொஞ்சம் தாண்டி. உங்கள் பையன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். டாக்டர் சொன்னது சரிதான், ஆனால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரும் நிலைமையும் இல்லை.

இப்போது இதே 16.7 கிலோவை ஒரு வருஷம் அப்படியே வைத்திருங்கள். பையன் 100 செ.மீ. பக்கம் வந்துவிடுவான். அந்த உயரத்துக்கு நடுக்கோடு 15.4 கிலோ, 16.7 என்பது முதல் கோடு. ஒரு கிராம்கூடக் குறைக்காமல், இரண்டுக்கு மேலே இருந்தவன் ஒன்றுக்கு வந்துவிட்டான். இடையில் ஒரு கிலோ ஏறிவிட்டாலும் இரண்டாவது கோட்டுக்குக் கீழே வந்துவிடுவான். சாதாரணமாக இந்த வயதில் வருஷத்துக்கு இரண்டு கிலோ போல ஏறும், அதைப் பாதியாக்கினாலே நீங்கள் ஜெயித்த மாதிரி. அதனால் "ஒரு மாசத்தில் ரெண்டு கிலோ குறைச்சுட்டேன்" என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் எனக்குப் பயம்தான் வரும், அந்தக் குழந்தைக்கு வளரத் தேவையான ஏதோ ஒன்றும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும்.

அப்பத்தா சொல்கிற "வளர்ந்தா வத்திரும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்காதீர்கள். பிறந்து ஒரு வயது வாக்கில் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும், அப்புறம் நடக்க ஆரம்பித்து, உயர்ந்து, ஐந்தாறு வயதில் விலா எலும்பு தெரிகிற அளவுக்கு ஒல்லியாகும், அதற்குப் பிறகு மறுபடி சதை பிடிக்கும். இயற்கையான போக்கு அதுதான். அப்பத்தா வளர்த்த காலத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் வற்றினார்கள். ஆனால் உங்கள் பையன் வற்ற வேண்டிய நேரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறான், அதுதான் கவலை. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் அளவுகளை வைத்துப் பார்த்தது. மூன்று வயதில் உடற்பருமனோடு இருந்தவர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் பதின்வயதிலும் அதிக எடையோடு அல்லது பருமனோடுதான் இருந்தார்கள். எடை தாறுமாறாக ஏறியது பெரும்பாலும் இரண்டில் இருந்து ஆறு வயதுக்குள். நம் ஊர் சங்கதி இன்னும் கொஞ்சம் மோசம்: டெல்லியில் 1969-72-இல் பிறந்தவர்களைப் பெரியவர்கள் ஆகும்வரை தொடர்ந்து பார்த்ததில், சர்க்கரை நோய்ப் பக்கம் போனவர்கள் சின்னக் குழந்தையாக ஒல்லியாக இருந்து, இரண்டு வயதுக்குப் பிறகு சதை போட ஆரம்பித்தவர்கள். குண்டுக் குழந்தை என்று பெயர் எடுக்கிற அளவுக்குக்கூடப் பெரும்பாலோர் போகவில்லை. அதனால் பையன் பிறந்தபோது எடை எவ்வளவு என்று பாருங்கள், இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்து இப்போது இந்த எடை என்றால் இன்னும் சீக்கிரம் கவனியுங்கள்.

இனி பால். நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

ஆரஞ்சு பாக்கெட் என்பது 6 சதவீதம் கொழுப்புள்ள பால், 100 மில்லிக்கு 85 முதல் 90 கலோரி. நான்கு பாட்டில் என்றால் 960 மில்லி, 800 கலோரிக்கு மேல். எட்டு ஸ்பூன் சர்க்கரை இன்னொரு 160. ஆக மொத்தம் ஆயிரத்தைத் தொடுகிறது. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையே 1000, 1100 கலோரிதான்! அதாவது நாள் முழுதுக்கும் வேண்டியதைப் பாட்டிலிலேயே குடித்து முடித்துவிட்டுத்தான் உங்கள் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்து உட்காருகிறான். அவன் எப்படிச் சாப்பிடுவான்? வாயை மூடிக்கொள்வதுதான் நியாயம். நீங்கள் "சாப்பிடறதே இல்லை" என்று பால் கொடுக்கிறீர்கள், பால் குடிப்பதால் அவன் சாப்பிடுவதில்லை, அதற்கு மேல் போனைக் காட்டி ஊட்டுகிற அரைக் கிண்ணம்தான் எடையாக ஏறுகிறது. சாப்பிடாத குழந்தை எப்படி குண்டாகும் என்று எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள், பத்தில் ஏழு பேருக்கு விடை பாட்டிலில்தான் இருந்தது.

இன்னொன்று, பாலில் இரும்புச்சத்து அனேகமாக இல்லை, மற்ற சாப்பாட்டில் இருக்கிற இரும்பு உடம்பில் சேருவதையும் அதிகப் பால் கெடுக்கும். பார்க்க மெழுகு பொம்மை மாதிரி வெளுப்பாக, கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9 இருக்கும், 11-க்குக் கீழே போனாலே இந்த வயதில் ரத்தசோகை. "நல்ல கலரு" என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பாலை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், நிறுத்தவும் வேண்டியதில்லை. நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும், அது தேவையும்கூட. நான் சொல்லிக் கொடுக்கிற வரிசை இது. முதல் வாரம் சர்க்கரை. இரண்டு ஸ்பூனை ஒன்றரை, ஒன்று, அரை என்று இறக்கி, பத்து நாளில் வெறும் பால். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றினால் கணக்கு மாறாது, அவையும் சர்க்கரைதான். (கருப்பட்டியைத் தொட்டால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.) இரண்டாவதாக பாக்கெட் நிறம். ஆரஞ்சில் இருந்து பச்சை, கொஞ்ச நாள் கழித்து நீலம், அது 3 சதவீதக் கொழுப்பு. பையனுக்கு இரண்டு வயது தாண்டியதால்தான் இதைச் சொல்கிறேன், இரண்டுக்குள் இருக்கிற குழந்தைக்குக் கொழுப்பைக் குறைக்கக் கூடாது, இதைப் படிக்கிற மற்ற அம்மாக்கள் கவனிக்கவும்.

அப்புறம் ராத்திரிப் பாட்டில். இதுதான் கஷ்டம், பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். அவன் பசியில் எழுந்திருக்கவில்லை, தூங்குவதற்கு அந்தப் பாட்டிலை உறிஞ்சுவது பழக்கம், அவ்வளவுதான். இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒரு தடவை 30 மில்லி குறைத்துக்கொண்டே வாருங்கள், அல்லது அதே அளவில் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள், கடைசியில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும், தண்ணீருக்காக எவனும் நடுராத்திரி எழுந்திருக்க மாட்டான். நாலைந்து ராத்திரி அழுகை உண்டு. மறுநாள் லீவு இருக்கிற மாதிரி பார்த்துத் தொடங்குங்கள், அப்பாவையும் எழுப்புங்கள். படுக்கப் போகுமுன் பல் தேய்த்துவிட்டால் அதற்கு அப்புறம் பால் இல்லை என்பது வழக்கமாகிவிடும், முன்பல் சொத்தையும் மிச்சம். பகல் பாலை டம்ளரில் கொடுங்கள், பாட்டில் போனதும் அளவு தானாகப் பாதியாவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மால்ட் பவுடர் போடுவதாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசின் வணிகத்துறை இணைய விற்பனைத் தளங்களுக்கு ஒரு அறிவுறுத்தல் கொடுத்தது நினைவிருக்கலாம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் வைக்கக் கூடாது என்று, ஏனென்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. வீட்டில் அரைத்த சத்துமாவு நல்லதுதான், ஆனால் பாதாம், முந்திரி, பொட்டுக்கடலை எல்லாம் போட்டு அரைத்து, பாலில் காய்ச்சி, வெல்லம் போட்டால் அது ஒரு முழுச் சாப்பாடு. காலைச் சாப்பாடாக வேண்டுமானால் கொடுங்கள், சாப்பாட்டுக்கு மேல் ஒரு டம்ளராகக் கொடுக்காதீர்கள்.

பால் குறைந்ததும் என்ன ஆகும் என்றால், இரண்டாவது வாரம் போல பையனுக்கு உண்மையான பசி வரும். அப்போது போனை எடுத்து வைத்துவிடுங்கள்.

ஊட்டுவதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். நம் ஊரில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுப்பது ஒரு துரத்தல். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசல், மாடிப்படி, எதிர்வீட்டு நாய், நிலா, இப்போது போன். "ஒரு வாய், ஒரே ஒரு வாய், இது அப்பாவுக்கு, இது காக்காவுக்கு." அவன் தலையைத் திருப்புகிறான், உதட்டை மூடுகிறான், துப்புகிறான், இத்தனையும் "போதும்" என்று சொல்கிற பாஷை, நாம் அதைக் கேட்காத மாதிரி உள்ளே தள்ளுகிறோம். இந்த வயதுப் பிள்ளைக்குப் பசியளவு தெரியும், பெரியவர்களைவிட நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2000-இல் ஒரு சோதனை வெளியானது: மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரே உணவைச் சின்ன அளவு, நடு அளவு, பெரிய அளவு என்று மூன்று நாளில் மாற்றி வைத்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் தட்டு பெரிதாகப் பெரிதாக அதிகம் சாப்பிட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் எவ்வளவு வைத்தாலும் ஒரே அளவில் நிறுத்திக்கொண்டார்கள். அந்தத் தராசு உங்கள் பையனிடம் இன்னும் இருக்கிறது. போனில் கண்ணை வைத்துக்கொண்டு வாயைத் திறக்கிறபோதுதான் அது கெட்டுப்போகிறது.

அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பது அவன் முடிவு. தரையில் எல்லோரும் உட்காரும்போது அவனுக்கும் ஒரு சின்னத் தட்டு, ஒரு இட்லி, அல்லது இரண்டு கரண்டி சாம்பார் சாதமும் ஒரு பொரியலும், கையால் அளைந்து சாப்பிடட்டும், பாதி தரைக்குப் போகும், போகட்டும். இன்னும் கேட்டால் கொடுங்கள். குண்டாக இருக்கிற பிள்ளை என்பதற்காக இரண்டாவது தடவை கேட்கும்போது "போதும்டா" என்று தட்டிப் பறிக்கக் கூடாது, அப்படிப் பறிக்கப்பட்ட பிள்ளைகள் ஒளித்துச் சாப்பிடக் கற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், நான்கு வயதில் பூஜையறையில் பொட்டுக்கடலை டப்பாவோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்குழந்தையை இன்னும் மறக்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனால் போகட்டும். இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல். அடுத்தது இரண்டரை மூன்று மணி நேரம் கழித்து. நடுவில் தண்ணீர் மட்டும், பிஸ்கட் இல்லை, "பாவம் ஒண்ணுமே சாப்பிடலை" என்று ஒரு பாட்டிலும் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு சிற்றுண்டி, அவ்வளவுதான் ஒரு நாள்.

என்ன கொடுக்கலாம் என்று கேட்டால், நீங்கள் சாப்பிடுவதுதான். தனி டயட் எழுதிக் கொடுத்தால் அது நாலு நாள்தான் நடக்கும். இட்லி, தோசை, பருப்பு சாதம், ரசம், மீன் குழம்பு, முட்டை எதற்கும் தடையில்லை. முட்டை நாளைக்கு ஒன்று தாராளமாகக் கொடுங்கள். நெய் மட்டும் கண்ணளவில் ஊற்றாமல் ஸ்பூனில் அளந்து, ஒரு ஸ்பூன் நெய் 45 கலோரி, மூன்று வேளையும் "மணமா இருக்கட்டும்" என்று இரண்டிரண்டு ஸ்பூன் போனால் 270 ஆகிறது. நாளைக்கு ஒரு ஸ்பூன் போதும். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த பயறு, மசித்த சுண்டல், அவித்த சர்க்கரைவள்ளி, பப்பாளி, கொய்யா. சின்ன பிஸ்கட் பாக்கெட் ஒன்று 250 கலோரியைத் தாண்டும், சத்தம் இல்லாமல் காலியாகிவிடும், யார் கணக்கிலும் வராது. ஜூஸ் வேண்டாம், பழமாகவே சாப்பிடட்டும். முழு நிலக்கடலையும் முழுத் திராட்சையும் இந்த வயதில் தொண்டையில் சிக்கும், நசுக்கியோ நறுக்கியோ கொடுங்கள். காய் துப்பினால் சலித்துக்கொள்ளாமல் பத்துப் பதினைந்து தடவையாவது தட்டில் ஓரமாக வையுங்கள், பீன்ஸை என் மகள் பன்னிரண்டாவது தடவையோ என்னவோதான் வாயில் வைத்தாள்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று யாராவது தினமும் கொள்ளுத்தண்ணீர் கொடுக்கச் சொல்வார்கள், நிச்சயமாகச் சொல்வார்கள். கொள்ளு ரசம் வீட்டில் வைத்தால் அவனும் சாப்பிடட்டும், நல்ல பருப்பு வகைதான். எடையைக் கரைக்கும் மருந்தாக எண்ணிக் கொடுக்காதீர்கள். காலையில் தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர், சீரகத் தண்ணீர், இவையெல்லாம் பெரியவர்களின் விளையாட்டு, குழந்தைக்கு வேண்டாம்.

ஓட்டம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, இந்த வயதுக்கு ஒரு நாளில் மொத்தமாக 180 நிமிஷம் உடம்பு அசைய வேண்டும், திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவு என்றால் இன்னும் நல்லது. மூன்று மணி நேரம் என்றால் மலைப்பாக இருக்கும், ஆனால் இரண்டரை வயதுப் பிள்ளையைக் கட்டிப்போடாமல் விட்டாலே அது நடந்துவிடும். கடைக்குப் போகும்போது இடுப்பில் தூக்காதீர்கள், நடக்க விடுங்கள், நேரம் ஆகும், ஆகட்டும். மொட்டை மாடியில் சாயங்காலம் ஒரு பந்து. செடிக்கு சின்ன மக்கில் தண்ணீர் ஊற்றுவது, காய்ந்த துணியை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுப்பது, இதெல்லாம் அவனுக்கு விளையாட்டு, உங்களுக்கு உதவி மாதிரி, உண்மையில் உதவி இல்லை, இருந்தாலும். தூக்கமும் பாருங்கள், பகல் தூக்கம் சேர்த்து 11, 12 மணி நேரம் வேண்டும். பெரியவர்கள் சீரியல் முடிக்கிறவரை பிள்ளையும் பதினொரு மணிக்கு விழித்திருக்கிற வீடுகளில் எடை ஏறுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அப்பத்தா விஷயம். நீங்கள் எழுதிய தொனியில் கொஞ்சம் கோபம் தெரிகிறது, புரிகிறது. ஆனால் பகல் முழுக்கப் பையன் அவர் கையில்தான் இருக்கிறான், அவரை எதிரியாக்கினால் இந்தப் பதிலில் உள்ள ஒரு வரிகூட நடக்காது. அவர் வளர்ந்த காலத்தில் ஒல்லிப் பிள்ளை என்றால் நோய், குண்டுப் பிள்ளை என்றால் வீட்டில் நெல் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பயம் பொய்யில்லை. டாக்டரிடம் அடுத்த தடவை போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள், வரைபடத்தை அவருக்கு நேராகக் காட்டச் சொல்லுங்கள். "நீங்க செய்றது தப்பு" என்று ஆரம்பிக்காமல், "அத்தை, இவரைச் சின்ன வயசுல எப்படி வளர்த்தீங்க, அப்ப என்ன சாப்பிட்டார்" என்று கேட்டுப் பாருங்கள், கூழ், பழைய சோறு, மோர், தெருவில் விளையாட்டு என்றுதான் பதில் வரும், பாக்கெட் பிஸ்கட்டும் நான்கு பாட்டில் பாலும் வராது. அதையே செய்யச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை பேரன் தன் கையாலேயே சாப்பிடப் பழகுகிறபோது அதிகம் சந்தோஷப்படுவது பாட்டிகள்தான், ஓடி ஓடி முட்டி தேய்ந்தவர்கள் அவர்களாயிற்றே. கடைக்குக் கூட்டிப்போய் ஏதாவது வாங்கிக்கொடுக்கிற தாத்தா வீட்டில் இருந்தால் அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள், கடைக்குப் பதில் பார்க், அல்லது கடையில் வாழைப்பழம்.

மருந்துப் பக்கம் ஒன்று கேட்க வேண்டும். பசி எடுக்கவில்லை என்று ஏதாவது சிரப் கொடுத்தீர்களா? மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுக்கிற பசி சிரப் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின், ஒவ்வாமைக்கு வந்த மருந்து, பசியைத் தூண்டும், எடை போடும், தூக்கம் வரவைக்கும். என் தங்கை மகனுக்கே மூன்று மாதம் கொடுத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல், வீட்டில் நான் ஒருத்தி இருந்தும்! பாட்டிலைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். அதேபோல மூச்சிரைப்புக்குப் பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை டாக்டர் சொன்னபடி சில நாள் கொடுத்ததில் பயம் இல்லை. ஒவ்வொரு சளிக்கும் பழைய சீட்டைக் காட்டி நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீண்ட நாள் கொடுத்திருந்தால் நீங்களாகப் பட்டென்று நிறுத்தவும் கூடாது.

உங்கள் பையனின் உயரம் வயதுக்குச் சரியாக இருப்பது நல்ல அறிகுறி. எடை ஏறுகிறது, ஆனால் உயரம் நின்றுபோய்க் குள்ளமாக இருக்கிறான் என்றால்தான் தைராய்டு மாதிரி ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று உடனே தேடுவோம். கைக்குழந்தையாகத் துவண்டு கிடந்து, பால் உறிஞ்சவே சிரமப்பட்டு, பேச்சும் நடையும் தாமதமாகி, இப்போது அடங்காத பசி என்றாலும் அப்படித்தான், அது மரபணுக் கோளாறாக இருக்கலாம். ராத்திரி சத்தமாகக் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நிற்கிற மாதிரி இருந்தாலோ, கால் வளைந்து நடந்தாலோ காட்டுங்கள். கழுத்தைச் சுற்றி வெல்வெட் மாதிரிக் கறுப்பு படிந்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது.

எடையை மாதம் ஒரு தடவை பாருங்கள், ஒரே தராசு, ஏறக்குறைய ஒரே உடுப்பு. அங்கன்வாடியிலும் பார்த்துத் தருவார்கள். உயரம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, குதிகால் சுவரில் ஒட்ட நிற்க வைத்து, தலைமேல் ஒரு நோட்டைச் சமமாக வைத்து, பென்சிலால் கோடு. தினமும் தராசில் நிறுத்த வேண்டாம், அவனுக்கு அது என்னவோ தப்பு செய்த மாதிரி தோன்றிவிடும். குண்டூஸ், பப்ளி என்று கூப்பிடுவதையும் வீட்டில் எல்லோரும் விட்டுவிடுங்கள், இரண்டரை வயதில் சிரிப்பான், ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் அதே பெயரைக் கேட்டு அழுவான். முதல் மூன்று மாதம் எடை கொஞ்சம் ஏறினாலும் கவலைப்படாதீர்கள், பாட்டில் போய், போன் போய், தானாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டானா என்று மட்டும் பாருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் அதே வேகத்தில் ஏறினால் குழந்தை நல மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம்.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தீர்கள், அடுத்த மாதம் ஊர்த் திருவிழா, பத்து நாள் அங்கே இருப்போம், எல்லோரும் ஊட்டுவார்கள், என்ன செய்வது என்று. ஒன்றும் செய்ய வேண்டாம். பொங்கல், வடை, பஞ்சுமிட்டாய் எல்லாம் சாப்பிடட்டும், பத்து நாளும் சொந்தக்காரப் பிள்ளைகளோடு தெருவில் ஓடிக்கொண்டுதான் இருப்பான், போன் பக்கம் திரும்பக்கூட நேரம் இருக்காது. பாட்டிலை மட்டும் மதுரையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஊருக்குப் போன பின் "அய்யோ, எடுத்துவைக்க மறந்துட்டேன் அத்தை" என்று சொல்லிக்கொள்ளலாம்.